இடிபாடுகளுக்கு நடுவே நம் குழந்தைகள்



பாடசாலை விடுமுறை நெருங்கியதும் அக்குறணையிலும் மடவளையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் வாழும் நம் குடும்பங்களில் ஒரு வினா எழுகின்றது: இம்முறை பிள்ளைகளை எங்கே கூட்டிச் செல்வது? நுவரெலியா என்பார் ஒருவர். திருகோணமலைக் கடற்கரை என்பார் மற்றொருவர். பொலன்னறுவை என்று எவரேனும் வாய் திறந்தால், "அங்கே உடைந்த கற்களைத் தவிர என்ன இருக்கின்றது? அவை அவர்களுடைய இடங்கள்தாமே" என்று பேச்சை முடித்துவிடுகின்றோம். இவ்வாறு முடித்துவிடும் வாப்பாமார் தம் பிள்ளைகளுக்குத் தெரியாமலேயே ஒரு தீங்கு செய்கின்றனர் என்பது என் கருத்து. ஏன் என்பதைக் கேளுங்கள்.

2019 ஜனவரியில் பல்கலைக்கழக மாணவர் எண்மர் கைதுசெய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டனர். ஹொரவப்பொத்தானையில் உள்ள கிரலாகல எனும் புராதன தாதுகோபத்தின் மீது ஏறி நின்று எடுத்த படங்களை அவர்கள் முகநூலில் வெளியிட்டிருந்தார்கள். அவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள், படித்தவர்கள். 2018 மார்ச் மாதம் திகனயிலும் தெல்தெனியவிலும் நிகழ்ந்தவற்றை மறந்திராத கண்டி மக்களுக்கு, அத்தகைய ஒரு படம் எதை மூட்டக்கூடும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. சட்டம் நமக்கு மட்டும் கடுமையானது என்றும் எண்ணிவிடாதீர்கள். சீகிரியாவின் கண்ணாடிச் சுவரில் எழுத்துகளைக் கீறிய ஓர் இளம் பெண்ணுக்கு 2015இல் ஈராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் முஸ்லிம் அல்லர். ஜனாதிபதியின் பொதுமன்னிப்பினாலேயே அவர் வெளியே வந்தார். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் எல்லோருக்கும் பொதுவானது.

சிதைந்த தாதுகோபம் ஒன்று, பழக்கமற்ற கண்ணுக்குச் செங்கல் மேடாகவே தோன்றும். மேலே புல் முளைத்திருக்கும். சில இடங்களில் மரமும் நிற்கும். உள்ளே புனிதச் சின்னங்களை வைத்து எழுப்பிய கட்டடம் அது என்பதை எவரும் சொல்லித் தராத இளைஞன், குன்று ஒன்றைக் கண்டவனாய் ஏறிவிடுவான். ஆறு வயதில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதனைச் சுற்றி வந்து, "இது என்ன?" என்று கேட்டு விடை பெற்ற பிள்ளை இருபது வயதில் அதன்மீது ஏறுவானா?

இங்கே சில பெற்றோர் மார்க்க ரீதியான ஓர் ஐயத்தை முன்வைக்கின்றனர். ஹிஜ்ரி 9இல் தபூக் பயணத்தின்போது, ஸமூது கூட்டத்தார் வாழ்ந்த ஹிஜ்ர் பகுதியைக் கடந்த நபி (ஸல்) அவர்கள், அழுதவர்களாகவன்றி அங்கு நுழைய வேண்டாம் எனத் தோழர்களுக்குக் கட்டளையிட்டார்கள் அல்லவா? உண்மைதான். ஆனால் அது இறைதண்டனை இறங்கிய இடத்துக்குரிய கட்டளை. பொலன்னறுவையின் வரலாறு வேறு. சோழர் 11ஆம் நூற்றாண்டில் தலைநகராக்கிய அந்நகரை 1070இல் முதலாம் விஜயபாகு மீட்டார். முதலாம் பராக்கிரமபாகுவின் காலத்தில் (1153–1186) அது உச்சத்தை அடைந்தது. 1215இல் கலிங்க மாகனின் படையெடுப்பு நிகழ்ந்தது. பின்னர் ஆட்சி தென்மேற்கு நோக்கி நகர, காடு உள்ளே வந்தது. படிப்பினை பெறும் நோக்குடன் பூமியில் பயணம் செய்து, முன்னோரின் முடிவைப் பார்க்குமாறு அல்குர்ஆன் பல இடங்களில் ஏவுகின்றது. பார்வையிடுதல் வேறு, வழிபடுதல் வேறு.

பொலன்னறுவையில் பராக்கிரமபாகுவின் அரண்மனைக்கு முதலில் செல்லுங்கள். ஏழு மாடிகள் கொண்டிருந்ததாகச் சொல்லப்படும் அம்மாளிகையில் இன்று எஞ்சியிருப்பவை தடித்த செங்கற் சுவர்களே. சுவரின் பருமனைப் பிள்ளை தன் கைகளை விரித்து அளந்து பார்க்கட்டும்; ஆனால் தொட வேண்டாம், ஏற வேண்டாம். உத்திரங்கள் பொருந்தியிருந்த குழிகளைக் காட்டி, "மேல்மாடி எங்கே போயிற்று?" என்று கேளுங்கள். மரம் உக்கும், கல் நிற்கும் என்று பிள்ளை தானாகவே கண்டுபிடிப்பான். அதன்பின் பராக்கிரம சமுத்திரத்தின் அணைக்கட்டுக்கு வாருங்கள். அந்தக் குளமும் பல நூற்றாண்டுகள் சிதைந்து கிடந்ததுதான். இருபதாம் நூற்றாண்டில் திருத்தப்பட்டு, இன்று மீண்டும் வயல்களுக்கு நீர் பாய்ச்சுகின்றது. அரண்மனையை எவரும் மீளக் கட்டவில்லை. குளத்தைக் கட்டினார்கள். அல்ஹஜ் அத்தியாயத்தின் 45ஆம், 46ஆம் வசனங்கள் கைவிடப்பட்ட கிணற்றையும் உயர்ந்த மாளிகையையும் ஒன்றாகவே நினைவூட்டி, உள்ளங்களின் குருட்டுத்தன்மையைப் பற்றிப் பேசுவதை அந்த அணைக்கட்டில் நின்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாம். ஒரு மணி நேர மிம்பர் உரை தராத விளக்கத்தை அவ்விடம் தந்துவிடும்.

வட்டதாகே அமைந்துள்ள வளாகத்தில், அட்டதாகேக்கு அருகே வேளைக்காரர் கல்வெட்டு நிற்கின்றது. வேளைக்காரப் படையினர் பல்சின்ன ஆலயத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்றதைக் கூறும் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அது. அதன் மொழி தமிழ். எழுத்துக்கூட்டத் தொடங்கியுள்ள சிறுவன் தனக்குத் தெரிந்த எழுத்து ஒன்றேனும் அகப்படுகின்றதா என்று தேடட்டும். நம் வீட்டு மொழி இந்நாட்டின் கல்லில் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்ட பிள்ளை, "அவர்களுடைய இடம்" என்ற சொல்லை வாப்பாவைப் போல இலகுவாகச் சொல்லமாட்டான். (இடையில் ஒன்று: இப்னு பதூதா இத்தீவில் வந்திறங்கிய 1344ஆம் ஆண்டுதான், நம் கண்டிக்கு அருகே கடலாதெனிய விகாரையும் கட்டப்பட்ட ஆண்டு. கண்டிப் பிள்ளைகள் எத்தனை பேர் அதை அறிவர்?)

கல் விகாரையில் பிள்ளை வேறு வகைக் கேள்வி கேட்பான். "இவர்கள் ஏன் கும்பிடுகிறார்கள்?" சத்தமாகவே கேட்பான், பிள்ளைகள் அப்படித்தான். அவனை அதட்டாதீர்கள், சிரிக்கவும் செய்யாதீர்கள். "இது அவர்களுடைய வணக்கத்தலம். நாம் அல்லாஹ்வை மட்டுமே வணங்குவோம். ஆனால் எவருடைய வணக்கத்தையும் ஏச மாட்டோம்" என்று மெதுவாகச் சொன்னால் போதும். அல்அன்ஆம் அத்தியாயத்தின் 108ஆம் வசனம் நமக்கு இட்டிருக்கும் ஒழுங்கும் அதுவே. சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்தல் பௌத்த மக்களைப் புண்படுத்தும். ஆதலால் அங்கு கைத்தொலைபேசியைப் பையில் வைத்துவிடுவதே நலம். காலணியையும் தொப்பியையும் கழற்றுமாறு கேட்கப்படும். அது பிறர் வீட்டு வாசலில் நாம் பேணும் மரியாதை போன்றதே.

காலணி கழற்றுவதில் ஒரு நடைமுறைச் சிரமம் உண்டு. நண்பகலில் அந்தக் கற்களும் மணலும் அடுப்புப்போல் கொதிக்கும். மூன்று வயதுக் குழந்தை கதறிவிடும். தடித்த காலுறை கொண்டு செல்லுங்கள். கண்டியிலிருந்து பொலன்னறுவை ஏறத்தாழ 140 கிலோமீற்றர். சுபஹுத் தொழுதவுடன் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் பாதியைப் பார்த்துவிடலாம். லுஹருக்குக் கதுருவெலைக்கு வந்துவிடுங்கள். அங்கு பள்ளிவாசலும் உண்டு, உணவும் உண்டு. பயணிக்குரிய சலுகையின்படி லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதுகொண்டால் குழந்தைகளையும் இழுத்தடிக்க நேராது. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முனையாதீர்கள். மூன்று இடங்கள் போதும்.

சீகிரியாவைப் பற்றிக் கேட்பீர்கள். அங்கு ஏறத்தாழ 1,200 படிகள். குளவித் தொல்லையும் உண்டு. கைக்குழந்தையுடன் உச்சிக்கு ஏறுவது வீண் வீரம். காசியப்பன் (477–495) அமைத்த நீர்ப்பூங்காக்கள் மலையடிவாரத்திலேயே உள்ளன. மழைக்காலத்தில் அவ்வூற்றுகள் இன்றும் நீரைப் பீச்சும். சிறு பிள்ளைகளுக்கு அதுவே போதிய வியப்பு.

ஐந்து வயதுக்கும் குறைந்தவர்கள் இருப்பின், நீண்ட பயணத்தையே இப்போதைக்கு விட்டுவிட்டு மாத்தளை வழியாக நாவுலைக்கு அருகேயுள்ள நாலந்த கெடிகேக்குச் செல்லுங்கள். சிறிய கற்கட்டடம், கூட்டமும் குறைவு. தென்னிந்தியக் கோயிற் பாணியில் எழுந்த பௌத்த ஆலயம் அது. போவதென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது, நீரில் மூழ்கவிருந்த அதனைக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் மீண்டும் அதேபடி அடுக்கினார்கள். கற்களை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்று எப்படி நினைவில் வைத்திருப்பார்கள் என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். வீடு வரும்வரை அவன் அதையே யோசித்துக்கொண்டு வருவான்.