பதிவேட்டில் இரண்டு லெட்சுமிகள்

நம் ஆலயத்தின் உறுப்பினர் பதிவேட்டைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. தடித்த அட்டை போட்ட பேரேடுகள் அலமாரிக்குப் போய், இப்போது எல்லாம் கணினியில் இருக்கின்றன. "இனி உங்களுக்கு என்ன வேலை?" என்று அன்பர்கள் சிலர் கேட்பதுண்டு. அதற்கு விடையாகவே இதை எழுதுகிறேன்.

கணினியின் உதவியை நான் குறைத்துச் சொல்லவில்லை. சந்தா முடியும் நாளை அது மறப்பதில்லை. ஆண்டுப் பொதுக் கூட்டத்திற்கு வாக்குரிமை உடையோர் பட்டியலைச் சில நிமிடங்களில் தந்துவிடுகிறது. சிங்கப்பூரில் 1995-ஆம் ஆண்டு வந்த ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வீவக புளோக் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே இருப்பதால், அதைத் தட்டினாலே புளோக் எண்ணும் சாலைப் பெயரும் வந்து நிற்கும். வீட்டு எண்ணை மட்டும் நாம் சேர்க்க வேண்டும்.

தொல்லை பெயரில்தான் தொடங்குகிறது. நாங்கள் வாங்கிய மென்பொருள் மேல்நாட்டு வழக்கப்படி முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்களைக் கேட்கிறது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் ஏது? தந்தை பெயரை அங்கே இட்டால், மகனுக்குரிய கடிதம் காலமான தந்தையை விளித்துப் போகிறது. அண்ணனும் தம்பியும் ஒரே குடும்பம், கணவனும் மனைவியும் வேறு வேறு குடும்பம் என்று கணினி கணக்குப் போடுகிறது! போதாததற்கு, அடையாள அட்டைகளில் லெட்சுமி என்னும் பெயரே பல எழுத்துக்கூட்டலில் இருக்கிறது.

ஒருவரையே இருமுறை பதிந்திருந்தால் கண்டுபிடித்துக் காட்டும் வசதியும் அதில் உண்டு. ஒருநாள் இரண்டு லெட்சுமிகளைக் காட்டியது. இருவருக்கும் தந்தை பெயர் ஒன்று, புளோக்கும் ஒன்று. ஒருவரின் வீட்டு எண் விடுபட்டிருந்தது. "இணைக்கவா?" என்றது. நான் யோசிக்காமல் இணைத்துவிட்டேன்.

அவ்வாண்டுப் பொதுக் கூட்டத்தன்று ஓர் அம்மையார் வாசலில் நின்றார். பட்டியலைப் பார்த்த தொண்டர், "லெட்சுமி வந்து கையெழுத்துப் போட்டாயிற்றே, அம்மா" என்றார். "இருபது வருசமா சந்தா கட்டுறேன் தம்பி, நான் யாருன்னு கோயிலுக்குத் தெரியலையா?" என்று கேட்டுவிட்டு அவர் வீடு திரும்பிவிட்டார். நான் உள்ளே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அர்ச்சனைச் சீட்டு கொடுக்கும் முகப்பில் அமரும் பெரியவரிடம் மறுநாள் சொன்னபோது, "ஒருத்தர் ரோகிணி, இன்னொருத்தர் கேட்டை. என்னைக் கேட்டிருக்கலாமே?" என்றார். நட்சத்திரத்திற்கு அந்த மென்பொருளில் கட்டமே இல்லை. அம்மையார் வீட்டிற்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். காப்பி கொடுத்தார்; ஆனால் அதிகம் பேசவில்லை.

அதன்பின் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். கணினி பட்டியல் தரும். ஆனால் இரு பதிவுகளை இணைப்பதும், காலமானவர் என்று குறிப்பதும், சந்தா நிலுவைக்காகப் பெயரை நீக்குவதும் பெரியவரும் செயலவையினர் ஒருவரும் பார்த்த பிறகே நடக்கும். நிலுவை என்றால் முதலில் ஒரு தொலைபேசி அழைப்பு. மருத்துவமனையில் இருப்பவரை நீக்கிவிடக் கூடாதல்லவா? அதேசமயம், முகம் பார்த்துச் சலுகை தரும் குணம் நமக்கு உண்டு, கணினிக்கு இல்லை. ஆகவே யார், எதற்காக முடிவெடுத்தார் என்பதையும் அதே பதிவில் எழுதி வைக்கிறோம்.

அடையாள அட்டை எண் இருந்தால் குழப்பமே இராதே என்பர். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலோ ஆளை மிக உறுதியாக அறிய வேண்டியிருந்தாலோ அன்றி, அமைப்புகள் அவ்வெண்ணைத் திரட்டக் கூடாது. வரிக்கழிவுக்குரிய நன்கொடை போன்றவற்றிற்கு அது தேவை, அர்ச்சனைக்குத் தேவையில்லை.

பெரியவருக்கும் வயதாகிறது. வெள்ளிக்கிழமைதோறும் இளந்தொண்டர் ஒருவர் அவரருகே அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல, குறிப்புக் கட்டத்தில் பதிகிறார். எந்த வீட்டில் யாரோடு யாருக்குப் பேச்சு இல்லை என்பதும் அவருக்குத் தெரியும், அதைப் பதிவதில்லை.

இம்மலருடன் விவரப் படிவம் ஒன்று இணைக்கப்பட்டுள்ளது. வீட்டு எண்ணை மறவாமல் எழுதுங்கள். விரும்பினால் நட்சத்திரத்தையும் குறிப்பிடலாம். அதற்கு இப்போது ஒரு கட்டம் இருக்கிறது.