30 பிள்ளைகளும் ஒரு கடலும்: கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி

போன வருஷம் எங்க என்.எஸ்.எஸ். அணி, பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் 28 பேரைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போச்சு. கிளிஞ்சல் பொறுக்கினோம், நண்டு பார்த்தோம், எல்லாம் நல்லாத்தான் போச்சு. திரும்ப வேன்ல ஏத்தி எண்ணினா 27. இன்னொரு தடவை எண்ணினோம். 27 தான்.

கரையில ஏத்தி வெச்சிருந்த படகுகளுக்குப் பின்னாடி, ஒரு நண்டு வளையைத் தோண்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தான் தம்பி. கண்டுபிடிக்க 8 நிமிஷம் ஆச்சு. அந்த 8 நிமிஷமும் நாங்க 5 பேரும் கடலைத்தான் பார்த்துக்கிட்டு நின்னோம். யார் மேல தப்புன்னு பார்த்தா, எல்லார் மேலயும்தான். "அவன் பார்த்துப்பான்"னு நானும், "இவன் பார்த்துப்பான்"னு அவனும் இருந்திருக்கோம்.

இந்த வருஷம் உங்கள்ல பல பேர் இதே மாதிரி பயணத்துக்குப் பெயர் கொடுத்திருப்பீங்க. அதனால நாங்க தெரிஞ்சுக்கிட்டதை அப்படியே சொல்றேன்.

எண்ணுவது எப்படி?

தலையை எண்ணாதீங்க. ஓடிட்டு இருக்கிற தலைகளை எண்ணினா கண்டிப்பா தப்பும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண் கொடுங்க. விசில் அடிச்சா 1, 2, 3ன்னு அவங்களே வரிசையாச் சொல்லணும். எந்த எண் விடுபடுதோ அந்தப் பிள்ளை யாருன்னு அந்த நொடியே தெரிஞ்சிடும். இதுல இன்னொரு லாபம், இது இருட்டிலும் வேலை செய்யும். அது ஏன் முக்கியம்னு கீழே வரும்.

அடுத்து ஜோடி. இரண்டிரண்டு பேராகக் கைகோத்து விடுங்க. 5 பிள்ளைக்கு ஒரு அண்ணன் அல்லது அக்கா. அந்த 5 பேர் பெயரும் அவங்க கையில எழுதியிருக்கணும். ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை இருக்கிற பிள்ளைகள் யார், மருந்து எந்தப் பையில இருக்குன்னு பெற்றோர்கிட்ட முன்கூட்டியே கேட்டு அதே தாளில் எழுதுங்க.

கடல் இழுக்கிறது எப்படி?

சென்னையில நாம பயப்படுறது பெரிய அலைக்கு. ஆனா அதிகமா ஆளைக் கொண்டு போறது கரையிலிருந்து கடலை நோக்கி ஓடும் இழுப்பு நீரோட்டம். அலைகள் கொண்டு வந்து கரையில குவிக்கிற தண்ணீர் எப்படியாவது கடலுக்குத் திரும்பியாகணும். மணல் திட்டுகளுக்கு நடுவுல ஒரு இடைவெளி கிடைச்சா, மொத்தமும் அது வழியா ஓடும். குறுக்குவெட்டு குறைஞ்சா வேகம் கூடும்னு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்சோமே, அதேதான். வேகம் விநாடிக்கு 2 மீட்டர் வரை போகலாம். 100 மீட்டர் நீந்தும் ஒலிம்பிக் வீரரின் வேகமே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

ஏமாத்துறது அதோட தோற்றம். இரண்டு பக்கமும் அலை உடைஞ்சு வெள்ளையா நுரைக்கும், நடுவுல ஒரு பட்டை மட்டும் அமைதியா, கருத்துத் தெரியும். "இங்க அலையே இல்லை, இங்க இறங்கலாம்"னு பிள்ளைகள் ஓடுற இடம் அதுதான். தூண்டில் வளைவுக் கற்களை ஒட்டியும், ஆற்று முகத்துவாரத்திலும் இழுப்பு அதிகம். அங்க போகவே வேண்டாம்.

மாட்டிக்கிட்டா கரையை நோக்கி நீந்தக் கூடாது. அந்த ஓட்டம் ஆளைக் கீழே அமுக்காது, வெளியேதான் கொண்டு போகும். மிதந்துக்கிட்டே கையைத் தூக்கிக் காட்டணும். நீந்தத் தெரிஞ்சா கரைக்கு இணையா நீந்தி ஓட்டத்தை விட்டு விலகிட்டு, அப்புறம் கரைக்குத் திரும்பணும்.

இன்னொண்ணு, உங்களுக்கு. ஒருத்தர் மூழ்குறதைப் பார்த்தா உடனே குதிக்காதீங்க. பெசன்ட் நகர் கடற்கரையில வெள்ளையா ஒரு வளைவு மண்டபம் இருக்கே, செல்ஃபி எடுத்திருப்பீங்க. அது 1930 டிசம்பர்ல, மூழ்கியவங்களைக் காப்பாத்தப் போய் உயிரை விட்ட டென்மார்க்காரர் ஷ்மிட்டோட நினைவுச் சின்னம். கயிறு, காலி கேன், மூடி போட்ட பெரிய பாட்டில்னு மிதக்கிற எதையாவது வீசுங்க. மீனவ அண்ணன்களைக் கூப்பிடுங்க. இறங்குறதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட, "அண்ணே, இன்னிக்குத் தண்ணி எப்படி இருக்கு?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அவங்க வேண்டாம்னா வேண்டாம்தான்.

பிள்ளைகளுக்கு எங்க விதி ஒண்ணே ஒண்ணு: கணுக்கால் வரைதான் தண்ணி. அண்ணன், அக்கா எப்பவும் பிள்ளைக்கும் கடலுக்கும் நடுவுல நிக்கணும், பின்னாடி இல்லை.

ஆமை நடையும் நாயும்

ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் சென்னைக் கரைக்கு முட்டையிட வரும். மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பு 1988லிருந்து இரவு நடை போய் முட்டைகளைக் காப்பாத்திக்கிட்டு வருது. அந்த மாதிரி நடையில டார்ச், ஃப்ளாஷ் கூடாது. வெளிச்சம் பட்டா ஆமை மிரண்டு திரும்பிடும். அதனாலதான் குரல்ல எண்ணும் முறை. முட்டையைத் தொடக் கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல அட்டவணை 1ல இருக்கிற உயிரினம் அது.

முட்டை வாசனைக்கு நாய்களும் வரும். நாய் வந்தா ஓடக் கூடாது, நின்னுடணும்னு முன்னாடியே சொல்லிக் கொடுங்க. கடிச்சாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு, அன்னிக்கே தடுப்பூசி. "சின்னக் கீறல்தானே"ன்னு விடாதீங்க.

கரை ஒதுங்கின சொறி மீன், செத்திருந்தாலும் கொட்டும். பட்ட இடத்தை மணல் போட்டுத் தேய்க்காதீங்க. கடல் தண்ணியை ஊத்தி, ஒட்டியிருக்கிறதைக் குச்சியால எடுங்க. மூச்சுத் திணறினா உடனே 108.

ஏரி, காடுன்னு போனா

வேடந்தாங்கல் மாதிரி இடத்துல பறவையை அண்ணாந்து பார்த்துக்கிட்டே நடப்பாங்க. நடக்கும்போது தரை, நின்னப்புறம் வானம்னு பழக்குங்க. மூடின செருப்பு அவசியம். கல் இடுக்கு, புதர்ல கையை விடக் கூடாது.

பாம்பு கடிச்சா இறுக்கிக் கட்டுறது, கீறுறது, உறிஞ்சுறது எதுவும் வேண்டாம். வளையல், கொலுசைக் கழட்டிட்டு, கடிபட்ட கை காலை அசையாமல் வெச்சு, 108ல அரசு மருத்துவமனைக்குப் போங்க. பாம்பைப் பிடிச்சுட்டுப் போக வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான்.

இவ்வளவும் படிச்சிட்டு, "அப்போ கூட்டிட்டே போகாம இருந்துடலாமே"ன்னு தோணலாம். வேண்டாம். படகுக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்த தம்பியை நான் திட்டப் போனேன். அவன் தலையை நிமிர்த்தாமலே, "அண்ணா, இந்த வளை சாய்வா உள்ள போகுது, பாருங்க"ன்னான். அப்படிப் பார்க்கத்தானே கூட்டிட்டுப் போனோம்? நாம எண்ணிக்கிட்டு இருந்தா, அவங்க நிம்மதியாப் பார்ப்பாங்க.