நாணயமும் வில்லையும்

பழைய ஆங்கில நாணயங்களைத் தேடிச் சேர்ப்பது நம் இளைஞர் பலருக்கு நல்ல பொழுதுபோக்காயிருக்கிறது. அன்னிய அரசனின் தலை பொறித்த காசைப் பேழையில் வைத்துக் காப்பது தேசாபிமானிக்குத் தகுமா என்று அன்பர் சிலர் நம்மைக் கேட்கின்றனர். தகும் என்பதே நமது அபிப்பிராயம். எதிர்க்கட்சியாரின் கணக்குப் புஸ்தகம் கையில் கிடைத்தால் எந்த வக்கீலும் அதைக் கொளுத்துவதில்லை. கோர்ட்டில் அதையே தன் கட்சிக்குச் சாட்சியமாக வைப்பான்.

அச்சாட்சியம் கூறுவது யாது? 1807-ஆம் வருஷம் முதல் கம்பெனியார் சென்னையில் அடித்த கால் வராகன் வெள்ளிக்காசில் கோயில் கோபுரமும், சுவாமியின் உருவமும், தமிழ் தெலுங்கு எழுத்துக்களும் உண்டு. புதிதாகக் கைப்பற்றிய நாட்டில் ஜனங்கள் காசை நம்பி வாங்கவேண்டுமென்ற கவலை அன்று அவர்களுக்கிருந்தது. 1835-இல் இந்தியா முழுமைக்கும் ஒரே ரூபாய் ஏற்பட்டபோது அக்கவலை தீர்ந்துவிட்டது. அதில் வில்லியம் அரசரின் தலை ஏறிற்று, தமிழுக்கு இடமில்லை.

செப்புக் காசோ பர்மிங்ஹாமில் அடிக்கப்பட்டுக் கப்பலேறி வந்தது. 1808-ஆம் வருஷத்துக் காசுகளைச் சென்னைக்கு ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்டனர்’ என்னும் கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கிற்று. 1980-களில் மீட்கப்பட்ட அக்காசுகள் இன்று உலகெங்கும் விலைபோகின்றன. நம் பரதவர் கடலடியில் மூச்சடக்கி எடுத்த முத்து அன்னிய தேசங்களுக்குப் போயிற்று. அவர்கள் தங்கள் கடலடியில் எடுத்ததோ நம் ஏழைகளின் கைக்கு வரவேண்டிய செப்புக்காசு!

ஆயினும், அரசனின் தலை இல்லாத உலோகத் துண்டே நமக்கு அதிக அருமையானது என்போம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டத்தாரும் கொழும்புப் பண்டகசாலையாரும் கூலிக்கு ஈடாகத் தம் பெயர் பொறித்த வில்லைகளை வழங்கினர். பின்னர், 1900-ஐ ஒட்டிய வருஷங்களில், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் முறையில் தகர வில்லை புகுந்தது. கங்காணி திரட்டிய கூலியாளின் கழுத்தில், போகவேண்டிய தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த தகரம் தொங்கிற்று. தட்டப்பாறை முகாமில் தங்கி, தூத்துக்குடியில் கப்பலேறி, நம் ஜனங்கள் ஆயிரமாயிரமாக அக்கரை சென்றனர். 1906-இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் விட முற்பட்டதும் இதே தூத்துக்குடி–கொழும்பு வழியில்தான்.

அம்மனிதரை அழைத்தபோது கழுத்தில் எண் கட்டி, ஒருவர் தவறாமல் கணக்கு வைத்தனர். ஆனால் 1948-இல் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் பிறந்தபோது, அவர்களுடைய பிள்ளைகளையும் பேரர்களையும் நோக்கி, “நீங்கள் யார்? சாட்சியம் எங்கே?” என்று கேட்டனர். லட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். உழைப்பைக் கணக்கிட உதவிய எண், உரிமையைக் கணக்கிட உதவவில்லை.

ஆகையால் நாணயம் சேர்க்கும் இளைஞருக்கு நாம் சொல்வது இதுவே. வராகனையும் ரூபாயையும் தேடுங்கள், வேண்டாமென்று சொல்லோம். ஆனால் பழைய இரும்புக் கடையிலோ, பாட்டியின் சுருக்குப் பையிலோ எண் பொறித்த வில்லையொன்று கிடைத்தால், உருக்க விடாதீர்கள். புளி போட்டுத் துலக்காதீர்கள். எந்த ஊரில், எந்த வீட்டாரிடம் கிடைத்தது, அவர்கள் சொல்லும் கதை யாது என்று எழுதி வையுங்கள். பூமியில் புதைந்த புதையலாயின், 1878-ஆம் வருஷத்துச் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்டதைக் கலெக்டருக்கு அறிவிப்பது கடமை.

அரசரின் முகம் ஆயிரம் பேழைகளில் பத்திரமாயிருக்கிறது. கூலியாளுக்கோ அத்தகரத்தில் முகமுமில்லை, பெயருமில்லை. அதைத் தேடி எழுதுவது நம் பொறுப்பு.