உங்களுக்குத் தெரியுமா? பஞ்சம் தாங்கிய கொல்லிமலைச் சாமை

சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை பல தலைமுறைகளுக்கு நலிந்துபோனது. இதற்குச் சாட்சி மேகாலயாவின் மாவ்ம்லு குகையில் வளர்ந்த ஒரு சுண்ணாம்புப் படிவம். அதனால்தான் நாம் வாழும் காலத்துக்கு 2018இல் நிலவியலாளர்கள் ‘மேகாலய யுகம்’ என்று பெயரிட்டார்கள்!

ஹரப்பா நகரங்கள் ஒடுங்கத் தொடங்கியதும் ஏறக்குறைய அப்போதுதான். மழை மட்டுமே காரணமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அந்த மண்ணில் கிடைத்த தானியங்களில் சாமையும் உண்டு. அதே சாமை கொல்லிமலைச் சரிவுகளில் இன்றும் விளைகிறது.

கடுகைவிடச் சற்றே பெரிய மணிதான். ஆனால் கெட்டிக்காரப் பயிர். பாசனம் கேட்காது, மெலிந்த மண்ணிலும் சுமார் மூன்று மாதத்தில் கதிர் விடும். உமியோடு குதிரில் கொட்டி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. மழை பொய்த்தால் அந்தக் குதிர்தான் குடும்பத்துக்குக் காப்பு. 1876-78இன் தாது வருஷப் பஞ்சம் சேலம் சீமையையே உலுக்கியது; கொல்லிமலையும் அப்போது அந்தச் சீமையில்தான் இருந்தது.

பஞ்சத்தைத் தாங்கிய பயிரை மரவள்ளி ஓரங்கட்டிவிட்டது. மரவள்ளிக்கு ஜவ்வரிசி ஆலைகள் கையில் காசு தருகின்றன. சாமையோ உரலில் இடித்து உமி நீக்கப் பெண்களின் இடுப்பை ஒடிக்கும். யாரைக் குறை சொல்வது? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைக்கு உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்த பிறகு அந்தப் பாடு கொஞ்சம் குறைந்தது.

அடுத்த முறை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால், அன்னாசிப்பழத்தோடு ஒரு படி சாமையும் கேட்டு வாங்குங்கள்.