ஒரு கால்பந்துக் கழகம் எதனால் வாழ்கிறது?

இராயபுரம் முதல் எண்ணூர் வரை எந்தச் சிறு வெளியைப் பார்த்தாலும் மாலையில் அங்கே ஒரு பந்து உருண்டுகொண்டிருக்கும். காலணி இல்லாத கால்களும், செங்கல்லை வைத்து அடையாளமிட்ட கோல்களும் நமக்குப் புதியவை அல்ல. ஆட்டத்தை நன்கறிந்த நாம், ஆட்டத்தைத் தாங்கி நிற்கும் கழகங்களைப் பற்றி எவ்வளவு அறிவோம்? ஒரு கழகம் எப்படிப் பிறக்கிறது? எதனால் வளர்கிறது? ஏன் மறைகிறது? சென்னையில் தோன்றி, இந்திய லீகின் கோப்பையை வென்று, அடுத்த சில ஆண்டுகளிலேயே அந்த லீகிலிருந்து மறைந்த ஒரு கழகத்தின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறேன்.

முதலில் ஒரு சொல்லை விளக்கிவிடுவது நல்லது. ஆட்டத்தில் கிடைக்கும் ஊதியத்தைக் கொண்டே வாழ்பவர் தொழில்முறை ஆட்டக்காரர். மகிழ்ச்சிக்காக மட்டும் ஆடுபவர் அமெச்சூர். இருவருக்கும் நடுவே மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவருக்குப் பகலில் வேலை, மற்ற நேரத்தில் பயிற்சி. வீட்டில் அடுப்பெரிவது வேலையால். ஊரில் பெயர் இருப்பது ஆட்டத்தால். இவரை அரைத்தொழில்முறை ஆட்டக்காரர் எனலாம். வடசென்னைக் கால்பந்தின் வரலாறு பெரும்பாலும் இந்த மூன்றாமவரின் வரலாறே.

இது நமக்கு மட்டும் உரியதன்று. இன்று உலகமே அறிந்த மான்செஸ்டர் யுனைடெட் 1878இல் நியூட்டன் ஹீத் என்னுமிடத்தில் ரயில்வே பெட்டிப் பணிமனைத் தொழிலாளர்கள் தொடங்கிய அணி. ஆர்சனல் 1886இல் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கியது. வெஸ்ட்ஹாம் 1895இல் தேம்ஸ் நதிக்கரைக் கப்பல் கட்டும் தளத்தில் பிறந்தது. ரயில் பெட்டி, தொழிற்சாலை, கப்பல்! இம்மூன்றையும் ஒருசேரக் கேட்டால் நம் பகுதிதான் நினைவுக்கு வருகிறது. 1856இல் திறந்த இராயபுரம் ரயில் நிலையம், துறைமுகம், 1955இல் பெரம்பூரில் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை, திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் எழுந்த மோட்டார் தொழிற்சாலைகள் ஆகியவற்றின் நடுவில்தான் நாம் வளர்ந்தோம். உழைப்பவர் கூட்டமாக வாழும் இடத்தில் கால்பந்து வளரும். அதற்கு வேண்டியது ஒரு பந்தும் கொஞ்சம் வெளியும்தானே!

சென்னையில் இந்த ஆட்டத்துக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது 1934இல் அமைந்த மதராஸ் கால்பந்துச் சங்கம். சங்கத்தின் லீகில் பல டிவிஷன்கள் உண்டு. கீழே உள்ள அணி வென்றால் மேலே ஏறும்; மேலே உள்ள அணி தோற்றால் கீழே இறங்கும். இந்த லீகில் தெருப் பிள்ளைகள் சேர்ந்து அமைத்த சிறு கழகங்களும் ஆடின. ரயில்வே, துறைமுகம், சுங்கம், வங்கி முதலிய அலுவலக அணிகளும் ஆடின. சிறு கழகத்தில் நன்றாக ஆடும் இளைஞனை அலுவலக அணி கவனிக்கும். விளையாட்டு ஒதுக்கீட்டில் அவனுக்கு ஒரு வேலை கிடைக்கும். அதன்பின் காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம், போட்டி நாட்களில் சிறப்பு விடுப்பு. முழங்கால் போனாலும் வேலை போகாது. ஓய்வு பெற்றால் பென்ஷன். எங்கள் தெருவில் இவ்விதம் வேலை பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். "நான் அடிச்ச கோல் எத்தனைன்னு எனக்கே மறந்துபோச்சு தம்பி. ஆனா அந்த வேலையிலதான் என் மூணு பிள்ளைங்களும் படிச்சாங்க" என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கால்பந்து அவர் வீட்டுக்குக் கொடுத்த பரிசு அதுதான்.

இந்த லீகில் ஆடிய கழகங்களுள் ஒன்று, 1946ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நேதாஜி விளையாட்டுக் கழகம். நாடு விடுதலை பெறுவதற்கு ஓராண்டு முன்பு, நேதாஜியின் பெயர் இளைஞர் நெஞ்சில் நிறைந்திருந்த காலம் அது. பிற்காலத்தில் இக்கழகம் சென்னை சிட்டி எஃப்.சி. என்று பெயர் பெற்றது. தேசிய அளவிலான ஐ-லீகில் 2016-17 பருவத்தில் அதற்கு நேரடி இடம் கிடைத்தது. உள்ளூர் லீகில் ஆடிவந்த கழகம், கொல்கத்தாவின் மோகன் பகானையும் ஈஸ்ட் பெங்காலையும் எதிர்த்து ஆடலாயிற்று. பத்து அணிகளில் எட்டாம் இடம். அடுத்த பருவத்தில் கழகம் தன் ஆட்டக்களத்தைச் சென்னையிலிருந்து கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றிக்கொண்டது.

2018-19 பருவத்தில் யாரும் எதிர்பாராதது நடந்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ் அணியை வழிநடத்தினார். முன்கள ஆட்டக்காரர் பெட்ரோ மான்ஸி மட்டும் 21 கோல்கள் அடித்தார். 2019 மார்ச் 9ஆம் நாள் கடைசி ஆட்டம். எதிரணி மினர்வா பஞ்சாப் முதலில் கோல் போட்டுவிட்டது. பின்னர் மான்ஸி பெனால்டியில் ஒன்றும், தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டும் போட, சென்னை சிட்டி 3-1 என வென்றது. 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள். இரண்டாமிடம் பெற்ற ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளியில் கோப்பை தமிழகத்துக்கு வந்தது! அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற எஃப்.சி. பாசல் கழகம் இதில் 26 விழுக்காடு பங்கும் வாங்கியது.

இவ்வளவு உயர்ந்த கழகத்தின் பெயர் 2020-21 பருவத்துக்குப் பின் ஐ-லீகில் இல்லை. ஏன்? ஒரு காரணம் வெளிப்படையானது. 2019-20 முதல் நாட்டின் முதல் நிலைப் போட்டியாக இந்தியன் சூப்பர் லீக் ஏற்கப்பட்டது. ஐ-லீகை வெல்பவர் அதற்குள் ஏறும் வழி 2022-23 பருவம் வரை திறக்கவில்லை. ஏணியின் உச்சிப் படியில் நின்றவனுக்கு அதற்கு மேல் கதவே இல்லை. வரவு இல்லாவிட்டாலும் செலவு நிற்குமா? அதற்குள் 2020இல் கொரோனாவும் வந்து அரங்குகளைக் காலியாக்கியது.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. அடிப்பரப்பு அகலமான பொருள் எளிதில் சாயாது. உயரம் மிகுந்து அடிப்பரப்பு குறுகிய பொருள் சிறு தள்ளலிலும் கவிழ்ந்துவிடும். முதலாளியின் பணம் என்ற ஒரே காலில் நிற்கும் எந்தக் கழகத்துக்கும் இவ்விதி பொருந்தும். பிறந்த ஊரை விட்டு ஆட்டக்களத்தையும் மாற்றிக்கொண்ட கழகம் தடுமாறும்போது, தாங்கிப் பிடிக்கக் கைகள் எங்கிருந்து வரும்?

பழைய அலுவலக அணிகளின் அடிப்பரப்பும் இப்போது சுருங்கிவருகிறது. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. நூறு கைகள் செய்த வேலையைக் கிரேன் செய்யத் தொடங்கியது. பெரம்பூர் பின்னி ஆலை 1996இலும், எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இலும் மூடப்பட்டன. பல இடங்களில் நிரந்தர வேலை போய் ஒப்பந்த வேலை வந்தது. என் அண்ணன் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஞாயிறுதோறும் எங்கள் பகுதி அணிக்கு ஆடுகிறார். வார நாளில் மேட்ச் வந்தால் அன்றைய கூலி போய்விடும். கால் முறிந்தால் அடுத்த வாரம் அவர் இடத்தில் வேறொருவர். முன்பு ஆட்டம் வேலையைத் தந்தது. இன்று வேலை ஆட்டத்தைப் பறிக்கிறது. நானும் ஓரளவு ஆடுவேன். ஆயினும் எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் என்பதால், "பந்தை விட்டுட்டுப் புத்தகத்தைப் பாரு" என்று அம்மா சொல்லும்போது மறுத்துப் பேச வாயெழுவதில்லை.

ஆனாலும் நம்பிக்கைக்கு இடமுண்டு. வியாசர்பாடி முல்லை நகரில் 1997இல் உமாபதி, தங்கராஜ் என்னும் இருவர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினர். கால்பந்தையும் படிப்பையும் சேர்த்தே தருவது அதன் நோக்கம். வியாசர்பாடி மண்ணில் ஆடி வளர்ந்த தன்பால் கணேஷ், 2018 மார்ச்சில் சென்னையின் எஃப்.சி. அணிக்காகக் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் கோல் அடித்தார். அவ்வாண்டு சூப்பர் லீக் கோப்பை சென்னைக்கு வந்தது. முல்லை நகரில் பெரிய முதலாளி இல்லை. ஆனால் மைதானம் உண்டு, பிள்ளைகள் உண்டு, அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு.

ஜெர்மனியில் 1998 முதல் ஒரு விதி இருக்கிறது. சில விலக்குகள் நீங்கலாக, எவர் எவ்வளவு பணம் போட்டாலும் கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். நாம் அவ்வளவு பெரிதாகத் தொடங்க வேண்டாம். மாதம் சிறு சந்தா கட்டும் உறுப்பினர்கள், பூட்டிவைக்காத ஒரு மைதானம், அடிபட்ட ஆட்டக்காரனுக்கு உதவ ஒரு பொது நிதி, மாலையில் தம்பிமார்க்குப் பாடம் சொல்லித்தர நம்மைப் போன்ற கல்லூரி மாணவர்கள். இந்நான்கும் இருந்தால் ஒரு கழகம் நான்கு கால்களில் நிற்கும்.

கோப்பை ஒரு கழகத்துக்குப் புகழ் தரும்; உயிர் தருவது அது நிற்கும் தெருதான். நான்காவது காலாக நிற்க நம்மில் எத்தனை பேர் ஆயத்தமாக இருக்கிறோம், தோழர்களே?