அந்த அரை மணி நேரம்

பூரணாங்குப்பத்திலிருந்து பாகூர் ஏரிப் பாசனம் வரை பயிர் வைக்கிற ஊர்களில் பூச்சிமருந்து என்பது மண்வெட்டியைப் போல வீட்டில் புழங்கும் சரக்கு. அடித்ததுபோக மீந்த மருந்தைப் பரணிலோ மாட்டுக்கொட்டகை ஓரத்திலோ வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அது வீட்டில் இருப்பதா, நான்கு தெரு தள்ளி இருப்பதா என்பது ஓர் உயிரின் கேள்வியாகலாம் என்று எடுத்துச் சொன்ன ஆராய்ச்சியாளர்களில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார்.

புதுச்சேரிக்காரர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 12.4 பேர் தற்கொலையால் இறந்தார்கள். புதுச்சேரியில் 29.7 பேர். நாட்டின் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

சாக முடிவெடுத்தவரை யாராலும் தடுக்க முடியாது, இந்த வழி இல்லையென்றால் இன்னொரு வழியைத் தேடுவார் என்றுதான் பலரும் நம்புகிறோம். ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. இலங்கைக் கிராமப்புறத்தில் விஷம் அருந்திப் பிழைத்தவர்களிடம் பேசி, 2006இல் ஓர் ஆய்வு வெளியானது. முடிவெடுத்ததற்கும் செயலில் இறங்கியதற்கும் இடையே அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பெரும்பாலோர் கைக்கு எட்டியதையே எடுத்திருந்தார்கள். அது எவ்வளவு கொடியது என்பதுகூட அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. துயரம் நெடுநாளையதாக இருக்கலாம். ஆனால் உயிருக்கு ஆபத்தான வேகம் சிறிது நேரமே நிற்கிறது. அந்த நேரத்தில் கொடிய பொருள் எட்டாமல் இருந்தால், வேகம் தணியும், யாராவது வந்து பேசுவார்கள், பலர் பிழைத்துக்கொள்வார்கள்.

லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் ‘சிநேகா’ அமைப்பைத் தொடங்கினார். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், மனம் உடைந்து வருபவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பார்கள். அறிவுரை சொல்ல மாட்டார்கள். ஆனால் உதவி தேடி வராதவர்களை எப்படிக் காப்பது? அந்தக் கேள்விக்கு விடை தேடிய ஆய்வு, பாகூருக்குத் தெற்கே, கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில் நடந்தது. பூச்சாகுபடி செய்யும் நான்கு கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கிராமங்களில் பொது மருந்துக் கிடங்கு கட்டப்பட்டது. வங்கி லாக்கர் போல ஒவ்வொரு விவசாயிக்கும் பூட்டுடன் ஒரு பெட்டி. மற்ற இரண்டு கிராமங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக முன்பிருந்தபடியே விடப்பட்டன.

ஊரார் அந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டார்கள். கிடங்கு வந்த கிராமங்களில் பூச்சிமருந்துத் தற்கொலைகளும் முயற்சிகளும் மற்ற கிராமங்களைவிடக் கூடுதலாகக் குறைந்தன. முடிவுகள் 2013இல் வெளியாயின. நான்கே கிராமங்கள் என்பதால் பெரிய ஆய்வு வேண்டும் என்பதையும் ஆய்வாளர்களே சொன்னார்கள்.

இலங்கையின் அநுராதபுரம் மாவட்டத்தில் 180 கிராமங்களில் வேறொரு பெரிய ஆய்வு நடந்தது. அங்கே பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். 2017இல் முடிவு வந்தபோது, பெட்டியால் பலன் கிடைத்ததற்குச் சான்று இல்லை. ஒரு நிலை வீட்டிலேயே பூட்டி வைப்பது. மற்றொன்று வீட்டைவிட்டே அப்புறப்படுத்துவது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பூட்டைவிடத் தூரமே காக்கிறது என்று எண்ணத் தோன்றுகிறது.

அதைவிட உறுதியான வழி, கொடிய மருந்துகள் கடைக்கே வராமல் செய்வது. இலங்கையில் 1995இல் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தது. அந்த ஆண்டு மிகக் கொடிய வகை மருந்துகளுக்கும், 1998இல் எண்டோசல்பானுக்கும் தடை வந்தது. 1996 முதல் 2005 வரையான பத்தாண்டுகளில், அதற்கு முந்தைய பத்தாண்டுகளைவிட ஏறத்தாழ 20,000 தற்கொலைகள் குறைந்தன. துயரங்கள் தீர்ந்துவிடவில்லை. உள்நாட்டுப் போர்கூட ஓயவில்லை. கைக்கெட்டிய பொருளின் கொடுமைதான் குறைந்தது.

வேகம் தணிய வழிவிடும் இதே சிந்தனை வயலோடு நிற்கவில்லை. பிளஸ் டூவில் தோற்ற மாணவர் ஒரு வருடம் வீணாகக் காத்திராமல் உடனே மறுதேர்வு எழுதலாம் என்ற தமிழக ஏற்பாட்டுக்குச் ‘சிநேகா’வும் குரல் கொடுத்தது. பிழைத்து வந்தவரைக் குற்றவாளியாக்கிய சட்டம் மாற வேண்டும் என்று வாதாடியவர்களில் லட்சுமி விஜயகுமாரும் ஒருவர். 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படிப்பட்டவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, சிகிச்சை தரும் கடமையை அரசிடம் வைத்தது. கிராமத்துக் கிடங்கு முதல் நாட்டின் சட்டம் வரை ஒரே நோக்கம்: அந்த அரை மணி நேரத்தைத் தாண்டவைப்பது.

பாகூர், அரியாங்குப்பம் கொம்யூன்களில் ஊருக்கொரு பொதுக் கிடங்கு வைத்துப் பார்ப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. கொம்யூன் பஞ்சாயத்தும் வேளாண் துறையும் சேர்ந்தால் முடியும். அதுவரை நம்மால் ஆவதும் உண்டு. தேவைக்கு மட்டும் மருந்து வாங்குங்கள், மிச்சம் வைக்காதீர்கள், வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மனம் உடைந்தவர் வீட்டில் இருந்தால் தனியே விடாமல் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்கே அப்படி இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.