காத்து மட்டும் போதுமா? பெட்ரோல் யார் கொடுப்பது!

"டர்போவுல காத்தை ஏத்திட்டா வண்டி பறக்கும்!" சின்ன கார் வைத்திருக்கும் வாலிபர்கள் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அங்கேதான் ஆபத்து!

2016-ல் இந்தியாவுக்கு வந்த போலோ ஜி.டி.ஐ. காருக்கு 192 குதிரை சக்தி. அதற்கேற்ற பம்புதான் கம்பெனி வைத்தது. காற்றைக் கூட்டி, பெட்ரோலைக் கூட்டாவிட்டால்? என்ஜினுக்குள் சூடு எகிறும். 'டொக் டொக்' சத்தம் வரும். கடைசியில் பிஸ்டனே உருகி ஓட்டை விழும்!

டேங்கில் ஒரு பம்பு, என்ஜினில் ஒரு பம்பு. இரண்டும் ஈடுகொடுக்க வேண்டும். அடுத்து பெரிய இன்ஜெக்டர். அதன் பிறகே கம்ப்யூட்டரில் கை வைக்கணும். குழாயில் கசிவு இருந்தால் தீ!

சட்டமும் சும்மா விடாது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். இது 2019-ல் வந்த திருத்தம். வாலிபர்களே, உஷார்!